பேரு, நீங்க, போயிட்டு வாறேன்: பேச்சு வழக்கத்த யாரு முடிவு பண்றா?

கொழும்புல கடையில வேலை செய்ற பிள்ளைங்களுக்கும் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்துல இருக்கிற வீட்டுக்கும் நடுவுல ஒரு காலத்துல மிஸ்ட் கோல் பாஷைன்னு ஒண்ணு ஓடிச்சு. ரீலோட் போட காசு இல்லாத காலம் அது. எங்க வீட்டுக் கணக்குல ஒரு ரிங் விட்டு கட் பண்ணுனா "வந்து சேந்துட்டேன்", ரெண்டு தரம் விட்டா "நீங்க கோல் எடுங்க, பேசணும்", விடாம அடிச்சா ஏதோ அவசரம்னு அர்த்தம். பக்கத்து வீட்டுக் காம்பராவுல கணக்கு வேற, அங்க ஒரு ரிங்னாலே "எடுங்க"தான். வரிசையா ஒட்டிக் கட்டுன வீடுங்க இருக்கிற எங்க லயத்துல எல்லா வீட்லயும் போன் இல்ல, அதனால எங்க அண்ணன் அந்தப் பக்கத்து காம்பரா நம்பருக்குத்தான் ரிங் குடுப்பாரு. ஆக எங்க கணக்கு அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கணும், இன்ன நேரத்துல வர்றது அவங்க மகன் ரிங்கா எங்க அண்ணன் ரிங்கான்னும் தெரிஞ்சிருக்கணும். தெரிஞ்சுதான் இருந்துச்சு. யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு அம்மாகிட்ட கேட்டா, "யாரு சொல்லிக் குடுப்பா, அது அப்படியே பழகிருச்சு"ன்னாங்க.

இந்த "அப்படியே பழகிருச்சு"ங்கிறதுக்குள்ள என்ன இருக்குன்னு தத்துவத்துல ரொம்ப நாளா பேசிக்கிட்டு இருக்காங்க. எனக்கு அதப் படிக்கப் படிக்க எங்க ஊர்ப் பேச்சுதான் ஞாபகத்துக்கு வருது, படிச்சதுக்கும் எங்க ஊருக்கும் ஒத்துப் போகாத எடமும் தெரியுது. அந்த ஒத்துப் போகாத எடத்துக்காகத்தான் இத எழுதுறேன்.

டேவிட் லூயிஸ்னு ஒரு அமெரிக்கத் தத்துவவாதி, ஹாவர்ட்ல செஞ்ச ஆராய்ச்சிய 1969ல சமூக வழக்கங்கள் பத்தின புத்தகமா போட்டாரு. அதுல அவரு எடுக்கிற உதாரணம் போன் கோல். அவரோட ஊர் ஓஹாயோ மாநிலத்துல ஓபர்லின், அங்க ஒரு காலத்துல உள்ளூர் கோல் மூணு நிமிசத்துல தானா அறுந்துருமாம். அறுந்ததும் யாரு திரும்ப எடுக்கிறது? ரெண்டு பேரும் எடுத்தா லைன் பிஸி, ரெண்டு பேரும் காத்திருந்தா கோல் இல்ல. முதல்ல எடுத்தவரே திரும்ப எடுக்கிறதுன்னு ஊர்ல தானா பழக்கம் வந்துருச்சு. காத்திருந்தவரு எடுக்கிறதுன்னு வந்திருந்தாலும் வேலை நடந்திருக்கும், ஏதாவது ஒண்ணு எல்லாருக்கும் பொதுவா இருந்தா போதும். அமெரிக்க சுதந்திரப் போர் தொடங்குன 1775ல பொஸ்டன்ல சேர்ச் கோபுரத்துல விளக்கு வச்ச கதையையும் சொல்றாரு, பிரிட்டிஷ் பட்டாளம் நிலத்து வழியா வந்தா ஒரு விளக்கு, கடல் வழியா வந்தா ரெண்டு விளக்கு. அதப் படிச்சப்ப எங்க லயத்து ரிங் தவிர வேற எதுவும் எனக்கு மனசுல வரல.

லூயிஸ் கணக்குப்படி ஒரு பழக்கம் வழக்கமா ஆகணும்னா எல்லாரும் அதச் செய்யணும், மத்தவங்களும் செய்வாங்கன்னு ஒவ்வொருத்தரும் எதிர்பார்க்கணும், மத்தவங்க செய்றதனாலேயே நாமளும் செய்ய விரும்பணும், அதுக்குப் பதிலா வேற ஒண்ணு இருந்திருந்தாலும் ஓடியிருக்கணும், இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும்ங்கிறதும் எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும். இந்தக் கடைசி விசயம் கொஞ்சம் சுத்தி வளைக்கிற மாதிரி இருக்கும், ஆனா அதுதான் முக்கியம், பின்னாடி வாறேன்.

இதுக்கு முன்னாடி இருந்த பெரிய சிக்கல் என்னன்னா, மொழிங்கிறது மனுசங்க பேசி வச்சுக்கிட்ட ஒப்பந்தம்னா அந்த ஒப்பந்தத்தப் பேச மொழி வேணுமே. தத்துவவாதி ரூசோ 1755லேயே இதக் கேட்டுட்டாரு, பேச்ச உண்டாக்கவே பேச்சு தேவைப்பட்டிருக்கும் போலன்னு. பேச்சு தெரியாத பெரியவங்க ஒண்ணா கூடி மாட்ட மாடுன்னும் ஓநாய ஓநாய்னும் கூப்பிடுவோம்னு முடிவு பண்ணியிருப்பாங்கன்னு நெனைக்க முடியாதுன்னு 1921ல பெர்ட்ரண்ட் ரசல் எழுதுனாரு. ஆனா வழி ஏற்கனவே ஸ்கொட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம்கிட்ட இருந்துச்சு. ஒரு படகுல ரெண்டு பேரு துடுப்புப் போடுறாங்க, ஒருத்தருக்கொருத்தர் எந்த வாக்கும் குடுத்துக்கல, ஆனா ஒரே தாளத்துல வலிக்கிறாங்க, மொழியும் இப்படித்தான் வாக்குறுதி எதுவும் இல்லாம கொஞ்சம் கொஞ்சமா நெலைச்சதுன்னு அவரு 1740ல சொன்னாரு. லூயிஸ் செஞ்சது இந்தப் படகுக்கு ஒழுங்கா கணக்குப் போட்டுக் காட்டுனதுதான்.

நம்ம இலக்கணத்துல இது இன்னும் பழைய பேச்சு. "மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா"ன்னு தொல்காப்பியம் சொல்லுது, ஒரு சொல்லுக்கு இந்தப் பொருள் ஏன் வந்துச்சுங்கிற காரணம் பளிச்சுன்னு தெரியாதாம். நன்னூல்ல "எப்பொருள் எச்சொலின் எவ்வாறு உயர்ந்தோர் செப்பினர் அப்படிச் செப்புதல் மரபே"ன்னு வருது. எந்தப் பொருள எந்தச் சொல்லால எப்படிச் சொன்னாங்களோ அப்படியே சொல்றது மரபு, லூயிஸுக்கும் இதுல ஆட்சேபனை இருக்காது. ஆனா நடுவுல "உயர்ந்தோர்"னு ஒரு வார்த்தை உக்காந்திருக்குது பாருங்க. தொல்காப்பியமும் "வழக்கெனப் படுவது உயர்ந்தோர் மேற்றே"ன்னுதான் சொல்லுது. ஓபர்லின் போன்ல ரெண்டு பக்கமும் சமம், யாரு எடுத்தா என்ன, பேச்சு தொடர்ந்தா சரி. நம்ம இலக்கணக்காரங்களுக்கு ரெண்டு பக்கமும் சமம் கெடையாது, ஒருத்தர் சொல்றாரு, மத்தவங்க அப்படியே சொல்றாங்க. அது சரியா தப்பாங்கிறது இருக்கட்டும், உலகத்துல நடக்கிறத அவங்க கொஞ்சம் கூடவே பாத்திருக்காங்கன்னு எனக்குத் தோணும். தோட்டத்துல வளந்தவங்களுக்கு இது லேசா வெளங்கும்.

முதல்ல சண்டை சச்சரவு இல்லாத வழக்கம் ஒண்ணப் பாப்போம். ஒரு வீட்ட விட்டு கெளம்பும்போது "போறேன்"னு சொல்ல மாட்டோம், "போயிட்டு வாறேன்"தான். திரும்பி வர்ற எண்ணமே இல்லாதவங்க கூட அப்படித்தான் சொல்றாங்க, கேக்கிறவங்களும் எப்ப வருவீங்கன்னு கணக்கு வைக்கிறது இல்ல. டவுன்ல சிங்களக் கடைக்காரங்களும் "கிஹின் என்னம்"னுதான் கெளம்புறாங்க, அதுவும் போயிட்டு வாறேன்தான். ரெண்டு மொழி, ரெண்டு சனம், பஸ் ஸ்டேண்ட்ல பக்கத்துப் பக்கத்துல நின்னு ஒரே மாதிரி விடைபெறுறாங்க. சின்ன வயசுல இது வார்த்தைக்கு உள்ள அர்த்தம்னு நெனைச்சுக்கிட்டு இருந்தேன். அப்புறம் எங்க தாத்தா தவறுன வீட்டுல பாத்தேன், வந்த சனம் உக்காந்து அழுதுட்டு, சாயத்தண்ணி குடிச்சிட்டு, ஒண்ணுமே சொல்லாம எந்திரிச்சுப் போறாங்க. அக்கரப்பத்தனையில இருந்து ரெண்டு பஸ் மாறி வந்த மாமா கூட செருப்ப மாட்டிக்கிட்டு திரும்பிப் பாக்காம நடந்தாரு. எழவு வீட்டுல "போயிட்டு வாறேன்"னு சொல்லக்கூடாது, இன்னொரு எழவுக்கு வாறேன்னு ஆயிரும். மத்த வீட்டுல வெறும் மரியாதையா இருக்கிற சொல்லு இந்த ஒரு வீட்டுல திடீர்னு நெஜமா "வருவேன்"னு ஆயிருது. சொல்லு மாறல, நிக்கிற எடம் மாறுது. சொல்லாமப் போறதும் ஒரு சொல்லுதான்னு எல்லாருக்கும் தெரியும். அகராதிய மட்டும் வச்சுக்கிட்டு இதப் புடிக்க முடியாது. செத்தத "துஞ்சினார்"னு சொல்றத மங்கலம்னு இலக்கணக்காரங்க தகுதி வழக்குல சேத்தது இந்த ஞானத்துலதான்.

இந்த வழக்கத்துல யாருக்கும் நட்டம் இல்ல. ஆனா அடுத்தது அப்படி இல்ல.

தோட்டத்துல "பேரு"ன்னா ஒரு நாள் சம்பளம். "இன்னைக்கு பேரு விழுந்துச்சா?"ன்னு கேப்பாங்க, "அரைப்பேருதான் போட்டாங்க"ன்னு பதில் வரும். வெளியில இருந்து வர்றவங்களுக்கு இது ஒண்ணும் புரியாது, அந்த வகையில நன்னூல்ல சொல்ற குழூஉக்குறி மாதிரின்னு சொல்லலாம், பொற்கொல்லருங்க பொன்ன "பறி"ம்பாங்களே, அந்த மாதிரி. ஆனா சத்தத்த விட்டுட்டு உள்ள பாருங்க. கொழுந்து மடுவத்துல தராசு தொங்குது, காலையில இருந்து மலையில நின்ன அக்கா கூடைய எறக்கி வைக்கிறாங்க, ஈரத்துக்கு இவ்வளவு, கூடைக்கு இவ்வளவுன்னு கழிச்சிட்டு ஒரு எண்ண எழுதுறாங்க. தோட்டத்துக்குத் தோட்டம் இத்தன கிலோன்னு ஒரு கணக்கு இருக்கு, சில எடத்துல 18, சில எடத்துல அதுக்கு மேல. அந்தக் கிலோ வந்தா அது பேரு. வரலன்னா அரைப்பேரு. மழை, வெயில், கொழுந்து வளராத செடி, முட்டி வலி எதுவுமே அந்த எண்ணுக்குள்ள இல்ல. ஒரு நாள் முழுக்க ஒரு மனுசி நின்னாங்கங்கிறது உண்மை, ஆனா புத்தகத்துல அவங்க அன்னைக்கு அரை ஆளு.

ஜோன் சேர்ல்னு இன்னொரு தத்துவவாதி 1995ல எழுதுன புத்தகத்துல இந்த மாதிரி விசயத்துக்குத்தான் ஒரு சூத்திரம் குடுத்தாரு: இன்ன எடத்துல இது அதுவா எண்ணப்படும். இந்தக் காகிதம் காசா எண்ணப்படும், இந்தக் கோடு எல்லையா எண்ணப்படும். இத்தன கிலோ ஒரு பேரா எண்ணப்படும்ங்கிறதும் அதே சூத்திரம்தான். இப்படி எண்ணுறதுக்கு மொழி வேணும், மொழி இல்லாம கொழுந்து இருக்கும், கூடை இருக்கும், எடை கூட இருக்கும், பேரு இருக்காது. லூயிஸோட "வேற ஒண்ணு இருந்திருந்தாலும் ஓடியிருக்கும்"ங்கிறது இங்கயும் உண்மைதான், 18 இல்லாம 15ன்னு வச்சிருந்தாலும் தேயிலை ஸ்டோருக்குப் போயிருக்கும். ஆனா "ஏதாவது ஒண்ணு போதும், எல்லாருக்கும் ஒண்ணுதான்"னு இங்க சொல்ல முடியாது. 15க்கும் 18க்கும் நடுவுல இருக்கிற மூணு கிலோவ யாரோ ஒருத்தர் முதுகுல சொமக்கணும். வழக்கம்னா எல்லாருக்கும் பொதுவான நன்மைன்னு தொடங்குனா இந்த மூணு கிலோ கண்ணுக்குத் தெரியாமப் போயிரும்.

அழைக்கிற முறையும் அப்படித்தான், இதுதான் எனக்கு ரொம்ப நெருக்கமான விசயம். அந்தக் காலத்துல தோட்டத்த நடத்துற தொரை வர்றாருன்னா தலைத்துண்ட எடுத்துட்டு, குடை பிடிச்சிருந்தா மடக்கிட்டு, பாதைய விட்டு ஒதுங்கி "சலாங்க தொரை"ன்னு சொல்லணும்னு பெரியவங்க சொல்லிக் கேட்டிருக்கேன். குடைய மடக்குறதும் அந்தப் பேச்சுல ஒரு பாதி. நனைஞ்சுக்கிட்டு நிக்கிறதும் ஒரு வகை "ங்க". திரும்ப வர்றது "நீ". அறுபது வயசுப் பாட்டிக்கும் "நீ", இருபத்தஞ்சு வயசு சின்னத்தொரைக்கு "ஐயா". தொரைமாரு மாறிட்டாங்க, வெள்ளைக்காரன் போயி, கம்பனி வந்து, அரசாங்கம் வந்து, திரும்ப கம்பனி வந்துருச்சு, இந்த "நீ" மட்டும் காலையில ஆள் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்துல நெறைய நாள் மாறாம நின்னுச்சு. எல்லாரும் செய்றாங்க, மத்தவங்களும் செய்வாங்கன்னு எதிர்பார்ப்பு இருக்கு, மாத்திப் பேசுனா வம்பு வரும்னு ரெண்டு பக்கமும் தெரியும். லூயிஸ் சொன்ன அடையாளம் பூரா இருக்கு, ஆனா ஒரு பக்கம் மட்டும் வெலை குடுக்குது.

மரியாதைப் பன்மையப் பத்தித் தொல்காப்பியம் சொல்றத நான் முதல் தடவ படிச்சப்ப ரொம்ப நேரம் அதுலயே நின்னேன். ஒருத்தரப் பன்மையில சொல்றது "வழக்கின் ஆகிய உயர்சொற் கிளவி, இலக்கண மருங்கின் சொல்லாறு அல்ல"ன்னு இருக்கு. ஒரே ஆளு, "வந்தார்"ங்கிறோம், எண்ணிக்கைப்படி அது பொருந்தாது, வழக்கத்துல உயர்வுக்காக வந்தது. அதாவது ஒருத்தர "நீங்க"ன்னு கூப்பிடுறதுக்கும் இன்னொருத்தர "நீ"ன்னு கூப்பிடுறதுக்கும் மொழிக்கு உள்ள எந்தக் கட்டாயமும் கெடையாது. மொழி ரெண்டையும் குடுத்திருக்கு, யாருக்கு எதுன்னு பிரிச்சது மனுசங்க.

இந்தப் பிரிவு எவ்வளவு ஊர்சார்ந்ததுன்னு பேராதனை கெம்பஸ்லதான் எனக்குத் தெரிஞ்சுது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைங்க "நீர் எங்க போறீர்?"னு கேப்பாங்க. அவங்களுக்கு நீ, நீர், நீங்கள்னு மூணு படி, சம வயசுக்காரங்கள மரியாதை விடாம கூப்பிட அந்த நடுப்படி. எங்களுக்கு ரெண்டே படி. "நீங்க" இல்லன்னு காதுல விழுந்ததுமே மலையகத்துப் பிள்ளைங்களுக்கு சுருக்குன்னு இருக்கும், நம்மள எறக்கிட்டாங்கன்னு. அவங்க எறக்கல, அவங்க படிக்கட்டுல அது நல்ல எடம். ஒருத்தருக்கொருத்தர் பழகுன பிறகு அது தெரிய வந்துச்சு, ஆனா எங்கள எளக்காரமா சொல்ற "தோட்டக்காட்டான்"ங்கிற பேச்ச முன்னாடி கேட்டிருந்த பிள்ளைங்களுக்கு அந்த நம்பிக்கை வர ரொம்ப நாளு எடுத்துச்சு. ஒரு சொல்ல எப்படிக் கேக்குறோம்ங்கிறதுல அதுக்கு முன்னாடி நடந்ததெல்லாம் கூடவே கேக்குது.

இவ்வளவு சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்லணும். அமெரிக்கத் தத்துவவாதி டொனால்ட் டேவிட்சன், 1980கள்ல, மொழிக்கு வழக்கமே அவசியம் இல்லன்னு வாதாடுனவரு. தப்புத்தப்பா சொல்லு போட்டுப் பேசுறவங்களையும் நமக்கு வெளங்குதே, அந்த நேரத்துல கேக்கிற ஆளு யோசிச்சுப் புடிக்கிறாரு, அதுதான் பேச்சு, தத்துவவாதிங்க நெனைக்கிற மாதிரி மொழின்னு ஒண்ணு கெடையவே கெடையாதுன்னு வரைக்கும் போனாரு. இத லேசா தள்ள முடியாது. எங்க அப்பாயி பெரியாஸ்பத்திரியில சிங்கள நர்ஸ் மிஸ்ஸிகிட்ட பேசுறதப் பாத்திருக்கேன். "மிஸ்ஸி, பட ரிதெனவா, ராத்திரி பூரா நிந்த நே"ன்னு, அதாவது வயிறு வலிக்குது, ராத்திரி பூரா தூக்கம் இல்லன்னு, நாலு சிங்களச் சொல்லு, மூணு தமிழ்ச் சொல்லு, வயித்துல கை. எந்த ஊர் வழக்கத்துலயும் சேராத வாக்கியம். அந்த மிஸ்ஸி தலைய ஆட்டிட்டு, அப்பாயி கையப் புடிச்சு உக்கார வச்சு, "அம்மே, கீயடத கேவே?"ன்னு எப்ப சாப்பிட்டீங்கன்னு கேட்டுச்சு, அப்பாயி விரலக் காட்டுனாங்க. வெளங்கிருச்சு.

டேவிட்சன் சொல்றது அர்த்தம் புரிஞ்சுக்கிறதுக்குச் சரி. ஆனா அப்பாயி வீட்டுக்கு வந்து எங்கள எல்லாம் உக்கார வச்சு சொன்னது வயித்து வலியப் பத்தி இல்ல, அந்தப் பிள்ள என்னை "அம்மே"ன்னு கூப்பிட்டுச்சுன்னுதான். வழக்கம் இல்லாம செய்தி போய்ச் சேரலாம். மரியாதை போய்ச் சேர வழக்கம் வேணும், ஏன்னா "அம்மே"ன்னா அங்க என்ன எடம்னு ரெண்டு பேருக்கும் முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். டேவிட்சன்கிட்ட எனக்கு இந்த எடத்துலதான் சம்மதம் இல்ல.

அப்ப ஒரு வழக்கம் சரியில்லன்னா எப்படி மாத்துறது? ஒருத்தர் தனியா மாத்த முடியாது, அதுதான் வழக்கத்தோட குணமே. சுவீடன்ல 1967 செப்டம்பர் 3ஆம் திகதி நாடு பூரா ஒரே விடியக்காலையில ரோட்டுல எடது பக்கத்துல இருந்து வலது பக்கத்துக்கு மாறுனாங்க. 1955ல வாக்கெடுப்பு வச்சப்ப பெரும்பாலான சனம் வேணாம்னுதான் சொல்லியிருந்தாங்க, ஆனாலும் நாள் குறிச்சு அறிவிச்சதும் எல்லாரும் மாறுனாங்க, ஏன்னா மத்தவங்க மாறுவாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். பேச்சுக்கு அப்படி நாள் குறிக்க முடியாது. ஆனா சனம் சேந்து மாத்துறதும் நடக்குது. 1911 கணக்கெடுப்புல இருந்து எங்கள "இந்தியத் தமிழர்"னு தனியா எழுதுனாங்க, 1948ல பிரஜாவுரிமை போச்சு, 2003 சட்டம் வரைக்கும் அந்தக் கணக்கு முழுசா தீரல. அதுக்குள்ள "மலையகத் தமிழர்"னு எங்க சனமே சொல்லிச் சொல்லி ஒரு பேர நெலைக்க வச்சுருச்சு. 2023ல எங்க சனம் வந்து இருநூறு வருசம் ஆனத நெனைச்சு தலைமன்னார்ல இருந்து மாத்தளை வரைக்கும் நடந்தாங்களே, அந்தப் பதாகையில எல்லாம் அந்தப் பேருதான். இந்திய வம்சாவளின்னே சொல்லணும்னு நெனைக்கிறவங்களும் எங்களுக்குள்ள இருக்காங்க, அவங்க காரணம் அவங்களுக்கு. நான் மலையகத் தமிழர்ங்கிற பக்கம். நின்ன எடத்த வச்சு பேரு வைக்கிறதுதான் எனக்கு நியாயமா படுது.

இங்கதான் லூயிஸோட அந்தக் கடைசி நிபந்தனை உதவுது. எல்லாருக்கும் தெரிஞ்சா மட்டும் போதாது, எல்லாருக்கும் தெரியும்ங்கிறது எல்லாருக்கும் தெரியணும். பாட்டிக்கு "நீ" போடுறது தப்புன்னு தோட்டத்துல முக்காவாசிப் பேருக்கு மனசுல தெரியும், ஆபீஸ்ல இருக்கிற நெறையப் பேருக்கும் தெரியும். தனியா பாக்கும்போது "நீங்க"ன்னு பேசுறவங்களே நாலு பேரு முன்னாடி "நீ"க்குப் போயிருவாங்க. அதனால வீட்டுக்குள்ள, லயத்துக்குள்ள மட்டும் மரியாதையா பேசி அந்த வழக்கத்த அசைக்க முடியாது. பெரட்டுல சொல்லணும், மடுவத்துல தராசு முன்னாடி சொல்லணும், கவுன்டர்ல வரிசை பூரா கேக்கிற மாதிரி சொல்லணும்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு டிவிசன்ல புதுசா வந்த வெளிக்கள உத்தியோகத்தர் ஒருத்தரு, தோட்டத்துப் பிள்ளைதான், ஒரு காலையில பெரட்டுல எல்லாரும் நிக்கும்போது "அக்கா, நீங்க ரெண்டு பேரும் இன்னைக்கு மேட்டு மலைக்குப் போங்க, பாட்டி நீங்க பணிய மலையில நில்லுங்க"ன்னு சொல்லியிருக்காரு. பாட்டி பதில் சொல்லாம நின்னாங்களாம், தன்னைத்தான் சொல்றாங்கன்னு அவங்களுக்கு ஒடனே வெளங்கல. வேலைய மேற்பார்க்கிற பழைய கணக்கப்பிள்ளை, இப்படிப் பேசுனா வேலை வாங்க முடியாதுன்னு அவர்கிட்டத் தனியா சொன்னாராம். இவரு நிப்பாட்டல. இப்ப அந்தக் கணக்கப்பிள்ளையே பெரட்டுல வயசானவங்கள "நீங்க"ன்னுதான் கூப்பிடுறாரு, மத்தவங்க காதுக்கு முன்னாடி "நீ" அவருக்கே வரமாட்டேங்குதாம். தேயிலைச் செடிய கவ்வாத்து வெட்டுற எளந்தாரிப் பையன்களுக்கு ரெண்டு பேருமே இன்னும் "நீ"தான் போடுறாங்க, பையன்கள்ல சில பேரு அதயும் கேக்க ஆரம்பிச்சிருக்காங்க.